கறந்த சூட்டில் இருபத்துநாலு

1914 மார்ச் 2, திங்கள்

ஆபீஸ் டைரி ஒன்று இருக்கிறது. பச்சை அட்டை, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டது, மாதக் கடைசியில் ஹெல்த் ஆபீசர் பார்த்துக் கையெழுத்து வைப்பார். "மேலத்தெருவில் பத்து வீட்டுச் சாக்கடை பார்த்தேன்" என்பதற்கு மேல் அதில் ஒரு வார்த்தை எழுத வழியில்லை. மனுஷனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே எழுதுவது? ஆகையால் இந்த நோட்டு. என் சம்சாரம் ஞானப்பூ மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதால் இதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து லாக்டோமீட்டர் வந்துவிட்டது. நீல வெல்வெட் பதித்த பெட்டி. உள்ளே பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய், உயரமான ஜாடி, ஒரு தெர்மாமீட்டர், இங்கிலீஷில் அச்சடித்த நாலு பக்கக் காகிதம். இன்று முதல் சானிட்டரி இன்ஸ்பெக்டர் மாசிலாமணியாகிய நானே பால் இன்ஸ்பெக்டரும் ஆவேன். நகரசபையின் புதுச் சட்டப்படி ஊருக்குள் பால் விற்கிற எல்லோரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், பால் செம்பின் கழுத்தில் பித்தளை வில்லை கட்ட வேண்டும். குழாய் 28-இல் நின்றால் பால் முதல் தரம். 26, 27 என்றால் இரண்டாம் தரம். 26-க்குக் கீழே போனால் தண்ணீர். மூன்று தடவை கீழே போனவனுக்கு லைசென்ஸ் ரத்து. மாட்டையும் ஊருக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது.

பெட்டியை ஞானப்பூவுக்குக் காட்டலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் தப்பு. தெர்மாமீட்டர் கை நழுவி விழுந்து மூன்று துண்டாயிற்று. பாதரசம் உருண்டு ஓடியதைப் பிடிக்க எங்கள் கைக்குழந்தை சாராள் தவழ்ந்து போனாள், ஞானப்பூ அலறிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள். சர்க்கார் சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்தேன் என்று தெரிந்தால் என்ன ஆகும்? மே 31 வரைக்கும் நான் தற்காலிகம். அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம். துண்டுகளைக் கிணற்றடியில் புதைத்தேன். பாலுக்கு என்ன ஜுரமா பார்க்கப் போகிறோம்? மிதக்கிற குழாய்தான் முக்கியம்.

மார்ச் 9, திங்கள்

பால்காரர்கள் எல்லோரையும் ஆபீஸ் முற்றத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கு வந்து ஒன்பது மணி வரைக்கும் வெயிலில் நின்றார்கள். ஒவ்வொரு செம்பாகப் பார்த்தால் எல்லாம் 27, 28. ஒருவர்கூட மாட்டவில்லை.

ஹெல்த் ஆபீசர் டாக்டர் முகம் சுண்டிப் போயிற்று. "என்ன இன்ஸ்பெக்டர், ஊர் முழுக்க யோக்கியனா? இதை நான் மேலே எழுதினால் சிரிப்பார்களே" என்றார்.

நான் யோசித்துச் சொன்னேன். "சார், சோதனைக்கு என்று தெரிந்தால் நல்ல பாலாகத்தான் கொண்டுவருவார்கள். நாம் விடியற்காலம் மாடு நிற்கிற இடத்துக்கே போக வேண்டும். கறந்த கையோடு, அவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல், அங்கேயே குழாயைப் போட வேண்டும்."

டாக்டர் மேசையைத் தட்டினார். "பேஷ்!" என்றார். அப்படியே உத்தரவாக எழுதச் சொன்னார். வாசகம் முழுக்க என்னுடையது. கிராமத்துப் பாலைக் கேனில் வண்டியேற்றிக் கொண்டுவரும் சிதம்பரநாதன் டிப்போவுக்கு மட்டும் மாடு ஊருக்குள் இல்லாததால் இந்த விதி பொருந்தாது. அவர் பாலை எட்டு மணிக்குக் கேன் திறக்கும்போது பார்த்தால் போதும்.

நிரந்தரம் ஆனதுபோலவே இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

நாலரை மணிக்கு எழுந்து பியூன் சுடலைமுத்துவையும் எழுப்பிக்கொண்டு கிளம்பினேன். மகத்தான நாள். எருமைக்காரர்கள் 26, 27 என்று தப்பித்தார்கள். பசுக்காரர்கள் பத்துப் பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் மாட்டினார்கள். எல்லாம் 24, 25. நெற்றியில் திருநீறு, மாட்டுக்குக் குங்குமப் பொட்டு, பாலில் தண்ணீர். நன்றாக இருக்கிறது நியாயம்.

பத்தில் ஒருத்தி ஆவுடை. என் வீட்டுக்கும் அவள்தான் ஊற்றுகிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கொழும்புக்குப் போய் ஆறு வருஷம், கடிதம் இல்லை. ஒரு பசு, ஒரு கிடேரி, ஏழு வீட்டு வாடிக்கை. மாட்டை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஓட்டிக்கொண்டு போய், வீட்டுக்காரி பார்க்க வெறும் செம்பைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்து கறப்பாள். கண்முன்னால் கறக்காத பாலை இந்த ஊரில் யாரும் நம்பி வாங்க மாட்டார்கள்.

ஜாடியில் நுரை தளும்பத் தளும்ப ஊற்றிக் குழாயைப் போட்டேன்.

"எம்புட்டு காட்டுது ஐயா, உங்க கண்ணாடிக் குச்சி?"

"இருபத்துநாலு."

"அப்படின்னா?"

"தண்ணி கலந்திருக்கு."

"யாரு கலந்தா? நீங்களும்தான பாத்துக்கிட்டு நின்னிய? மடியிலேர்ந்து நேரா செம்புல விழுந்துச்சு. நடுவுல எந்த ஆறு ஓடுச்சி?"

சுடலைமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் முறைத்தேன்.

"குச்சி பொய் சொல்லாதும்மா" என்றேன்.

"அப்ப எம் மாடுதான் பொய் சொல்லுதாக்கும்" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

டிப்போப் பால் 28. சிதம்பரநாதன் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

மார்ச் 17, செவ்வாய்

ஆவுடை மாட்டிய விஷயம் தெரிந்ததிலிருந்து ஞானப்பூ என்னோடு பேசவில்லை. சாதம் மட்டும் போட்டாள்.

மார்ச் 25, புதன்

இரண்டாம் சுற்று. பத்துப் பேரும் மறுபடி மாட்டினார்கள். ஆவுடையும்தான், அதே 24. இந்தத் தடவை அவள் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடையை நிறுத்திவிட்டு டிப்போவில் வாங்கலாமே, இன்ஸ்பெக்டர் வீட்டிலேயே தண்ணீர்ப் பால் என்று நாலு பேர் சொல்ல மாட்டார்களா என்று ஞானப்பூவிடம் கேட்டேன். டைபாயிடு வந்ததிலிருந்து அவளுக்குத் தாய்ப்பால் நின்றுபோயிற்று. குழந்தை ஆவுடையின் பாலில்தான் வளர்கிறது.

"ரெண்டு நாளு வாங்கிப் பாத்தேன். உங்க முதல் தரத்தைக் காய்ச்சினா ஆடையே கட்ட மாட்டேங்குது" என்றாள். "பிள்ளையும் மூஞ்சியைத் திருப்பிக்கிடுது. ஆவுடை பாலை ஒரு நாளு காய்ச்சி வச்சா வெரல் தண்டிக்கு ஆடை. நீங்க குச்சியைப் போட்டுப் பாருங்க, நான் சட்டியப் பாத்து வாங்கிக்கிடுதேன்."

பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் புரியவைக்க முடியாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

மூன்றாம் சுற்று. ஒன்பது பேருக்கு லைசென்ஸ் ரத்து. வில்லைகளை அவிழ்த்து வாங்கிச் சாக்கில் போட்டோம். கொம்பையாக் கோனார் மட்டும் கொடுக்க மாட்டேன் என்று செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அறுபது வயதுக்காரர். சுடலைமுத்து விரல் ஒவ்வொன்றாக விலக்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. "எங்க அப்பன் காலத்துலேர்ந்து இந்தத் தெருவுல ஊத்துதோம், ஒருத்தரும் எங்களைக் கள்ளன்னு சொன்னதில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் மாடுகளும் தென்காசி சாலையில் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்விட்டன.

ஆவுடை தப்பித்தாள். சித்தி செத்துப்போனாள் என்று களக்காட்டுக்குப் போயிருக்கிறாளாம். பக்கத்து வீட்டுக்காரி கறந்து ஊற்றுகிறாள். லைசென்ஸ்காரி இல்லாமல் சோதனை செல்லாது. 15-ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தேன்.

டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மேலே போகிற ரிப்போர்ட்டில் என் பெயர் வருமாம்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆவுடை நேற்று இரவே வந்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு வாசலில் கறந்து ஊற்றினாள். ஞானப்பூவுக்கு ஒரு பாடம் கற்பிக்கலாம் என்று அவள் எதிரிலேயே குழாயைப் போட்டேன். 24. "பார்த்தாயா?" என்றேன். "பாத்தேன், பாத்தேன். பாலைக் காய்ச்சி வைங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நான் மாதக் கணக்கு எழுத வேண்டியிருந்ததால் போகவில்லை.

எழுதுகிற மும்முரத்தில் காய்ச்ச மறந்துபோனேன். ஞாபகம் வந்தபோது எட்டரை. திரிந்திருக்குமோ என்று முகர்ந்தேன், நக்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஜாடியில் இன்னும் காலை ஊற்றிய பால் அப்படியே, குழாயும் உள்ளேயே. எடுக்கப் போனவன் கோட்டைப் பார்த்தேன்.

27.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சட்டியில் இருந்த பாலை ஊற்றிப் பார்த்தேன். அதுவும் 27. வீட்டில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. காலையில் பாலில் இருந்த தண்ணீர் எங்கே போயிற்று?

ஞானப்பூ வந்ததும் கேட்டேன். "நீ பாலை மாற்றினாயா?"

"நான் கோயில்ல முழங்கால் போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விரலைப் பாலில் வைத்தாள். "காலையில சுடச்சுட இருந்துச்சு. இப்ப ஆறிட்டு. வேற என்ன?"

சாயங்காலப் பாலிலும் பார்த்துவிடுவது என்று ஜாடியைக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 11, சனி

மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். கறந்த சூட்டில் 24. ஒரு மணி கழித்து 26. இரண்டு மணி கழித்து 27.

பெட்டியிலிருந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துப் படித்தேன். முதல் பக்கம் முன்பே படித்ததுதான். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. குழாயின் கோடுகள் அறுபது டிகிரி பாரன்ஹீட் குளிர்ச்சிக்குப் போட்டவை. பால் அதைவிடப் பத்து டிகிரி சூடாக இருந்தால் காட்டுகிற எண்ணோடு ஒன்று கூட்ட வேண்டும். கூடவே உள்ள தெர்மாமீட்டரால் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கறந்து ஒரு மணி நேரத்துக்குள் சோதிக்கவே கூடாது.

ஆறின பாலின் 27-ஓடு நம் ஊர் வெயில் சூட்டுக்கு இரண்டு கூட்டிப் பார்த்தேன். ஆவுடையின் பால் 29. முதல் தரம்.

கொம்பையாக் கோனார் பாலும் அப்படித்தான் இருந்திருக்கும். மற்ற எட்டுப் பேருடையதும்.

ஞானப்பூ தோளுக்கு மேலாகக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "எழுதிக் குடுத்துருங்க" என்றாள். "தெரியாமச் செஞ்சது. தெரிஞ்சதும் சொல்லிட்டா போச்சு."

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். ஒன்பது குடும்பம் ஊரைவிட்டுப் போனது என் வாசகத்தால். உடைந்த தெர்மாமீட்டரை மறைத்தவன் நான். மே 31-க்கு இன்னும் ஐம்பது நாள்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

பிரசங்கம் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 15, புதன்

ஆவுடைக்கு மூன்றாம் சோதனை. போகிற வழியெல்லாம் யோசித்தேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் போதும், தப்பித்துக்கொள்வாள். ஆனால் உத்தரவு என்ன சொல்கிறது? கறந்த கையோடு, அங்கேயே, சாட்சி முன்னால். நானே எழுதின உத்தரவு. ஆறவிட்டால் சுடலைமுத்து நாளைக்கே ஆபீசில் சொல்லுவான்.

அவளிடம் ரகசியமாக, "முன்னாடியே கறந்து வச்சிருந்து கொண்டா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வச்சிருந்த பாலையா? அப்புறம் எவ வாங்குவா?" என்றாள். "ஐயா, எங்கிட்ட இருக்கது ஒண்ணே ஒண்ணுதான். கண்ணு முன்னால கறக்கேன்ல்லா, அது. அதையும் விட்டுட்டு லைசென்சை வச்சி நான் என்ன செய்யுதது?"

உட்கார்ந்து கறந்தாள். குழாயைப் போட்டேன். 24. கறந்த சூட்டில் வேறென்ன காட்டும்?

சுடலைமுத்துவுக்கு எண் படிக்கத் தெரியாது. நான் உரக்க "இருபத்தேழு" என்றேன். ரிஜிஸ்டரில் 27 என்று எழுதினேன். அவன் பெருவிரலை வைத்தான்.

ஆவுடை என் முகத்தையே பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிடாமல் இருந்திருக்கலாம்.

இந்த ரிஜிஸ்டரில் நான் பார்க்காததை எழுதியது இது ஒன்றுதான். உண்மைக்குக் கிட்டத்தில் வருவதும் இது ஒன்றுதான்.

ஏப்ரல் 16, வியாழன்

இரவு நன்றாகத் தூங்கினேன். மற்ற ஒன்பது பேருக்கும் வேலை நிரந்தரமானதும் ஏதாவது செய்ய வேண்டும். ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 22, புதன்

டிப்போப் பக்கத்திலிருந்து மொட்டைப் பெட்டிஷன் ஒன்று போயிருக்கிறது. "பசுக்காரர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பால் தண்ணீராம், இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஊற்றுகிறவள் பால் மட்டும் சுத்தமாம்" என்று. விடியற்காலம் ஆவுடை என் வாசலில் மாட்டை நிறுத்தும்போது ஹெல்த் ஆபீசர் குதிரை வண்டியிலிருந்து இறங்கினார்.

"உம்ம குழாயைக் கொண்டுவாரும்" என்றார். அவர் கையாலேயே போட்டார்.

நுரை அடங்கினதும் குனிந்து பார்த்தார். "இருபத்துநாலு. ரிஜிஸ்டரில் இருபத்தேழு. நாளைக்குப் பத்து மணிக்கு என் அறைக்கு வாரும்."

ஆவுடை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது பேசுவேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

போகும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஞானப்பூ அந்த இங்கிலீஷ் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள். சொல்லவும் சொன்னேன். அதை யாரும் மறுக்க முடியாது.

டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தெர்மாமீட்டர் எங்கே?"

"உடைந்துவிட்டது, சார்."

"எப்போது?"

"முதல் நாளே."

"முதல் நாளே" என்று திருப்பிச் சொன்னார். எழுந்து கதவைச் சாத்தினார். "மாசிலாமணி, உம்மைப்போல நானும் இந்தக் காகிதத்தைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இது பைலுக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்பது பேரும் கோர்ட்டுக்குப் போவார்கள். நகரசபை சிரிப்பாய்ச் சிரிக்கும். உமக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். எனக்கு எந்த மலையடிவாரத்துக்கு மாற்றல் என்று எனக்கே தெரியாது."

காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு வழி இருக்கிறது. அவள் உம்ம வீட்டுக்கு இனாமாகப் பால் ஊற்றினாள், அந்தத் தாட்சண்யத்தில் எண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடும். சின்னக் குற்றம். கண்டித்துவிட்டு விட்டுவிடுவேன். நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்."

"சார், மாதாமாதம் கொடுத்துத்தான் வாங்குகிறோம்."

"அதற்கு ரசீது வைத்திருக்கிறீரா?"

பால்காரிக்கு யார் ரசீது கேட்கிறார்கள்?

முட்டாள் என்று எழுதிக் கொடுப்பதா, கைநீட்டி வாங்கினவன் என்று எழுதிக் கொடுப்பதா? கைநீட்டுகிறவன் ஊரில் எத்தனையோ பேர். அவனுக்கு வேலை இருக்கிறது, சம்சாரம் இருக்கிறது, குழந்தை இருக்கிறது. யாரும் அவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஒன்பது குடும்பத்தைப் புத்தியில்லாமல் விரட்டினவனைத்தான் தெருவில் குழந்தைகள்கூட விரலை நீட்டிக் காட்டும். இப்படியெல்லாம் நினைத்தேன். பேனாவை அவரே மையில் தொட்டுக் கொடுத்தார்.

நாலு வரி. கையெழுத்து நன்றாக விழுந்திருந்தது.

என்ன ஆயிற்று என்று ஞானப்பூ கேட்டாள். விசாரணை நடக்கிறது என்றேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. வெயில் அதிகம்.

ஏப்ரல் 27, திங்கள்

ஆவுடைக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான்.

நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் ஞானப்பூ உரக்கப் படிக்கிற சத்தம் கேட்டது. அவள் எதையும் வேதம் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பாள்.

"மேற்படி ஆவுடையம்மாள், மூன்றாம் சோதனையில் தேறும்பொருட்டு, இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு இனாமாகப் பால்..."

அவ்வளவில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா, நிறுத்திட்டிய? இனாமா என்ன?" என்று ஆவுடை கேட்டாள்.

ஞானப்பூ மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்தத் தடவை முழுக்கப் படித்தாள். லைசென்ஸ் ரத்து, மூன்று நாளைக்குள் மாட்டை எல்லைக்கு வெளியே ஓட்டிப் போக வேண்டும், மேற்படி இன்ஸ்பெக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறபடியால் விசாரணை தேவையில்லை. கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள்.

ஆவுடை சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. "மாசாமாசம் உங்க கையாலதானம்மா குடுத்திய" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா. எங்கையாலதான் குடுத்தேன்" என்றாள் ஞானப்பூ.

பிறகு இருவரும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சூடு, ஆறின பால், காகிதம், கொம்பையா என்று இடையிடையே காதில் விழுந்தது. முகத்தில் பாதி சோப்புக் காய்ந்துபோகிற வரைக்கும் நான் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

ஆவுடை போய்விட்டாள். வில்லையை அவள் என் கையில் தரவில்லை. சுடலைமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

இன்று ஆபீசில் புது உத்தரவு. "இனிமேல் பால் மாதிரிகளை ஒரு மணி நேரம் ஆறவிட்டு, சூட்டைத் தெர்மாமீட்டரால் அளந்து, அதற்குரிய திருத்தம் செய்து எண்ணைப் பதிய வேண்டும்." இனிமேல் என்றுதான் இருக்கிறது, இதுவரை என்று ஒரு வார்த்தை இல்லை. புதுத் தெர்மாமீட்டர் சென்னையிலிருந்து வந்திருக்கிறது. டாக்டர் என் கையில் கொடுத்து, "ஜாக்கிரதை" என்றார்.

எருமைக்காரர்கள் எல்லோரும் முதல் தரத்துக்குப் போவார்கள். சோதிக்கிறதற்குப் பசுப்பால்தான் ஊரில் இல்லை.

மே 1, வெள்ளி

ஞானப்பூ விடியுமுன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியோடு எங்கோ போய் ஏழு மணிக்குத் திரும்பினாள். கேட்கவில்லை. நான் கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள். நோட்டீஸ் படித்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மே 6, புதன்

நேற்று டாக்டர் கூப்பிட்டனுப்பினார். தென்காசி சாலையில், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், தினமும் காலையில் கூட்டம் கூடுகிறதாம். லைசென்ஸ் போனவர்கள் பத்துப் பேரும் மாட்டை அங்கே கட்டிக் கறக்கிறார்களாம். ஊர்ப் பெண்கள் பாத்திரத்தோடு மைல் கணக்கில் நடந்துபோய் வாங்குகிறார்களாம். டிப்போவில் பால் மிஞ்சிப்போகிறதாம். "போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதும்" என்றார்.

"எல்லைக்கு வெளியே நமக்கு அதிகாரம் இல்லையே, சார்."

"பார்க்க அதிகாரம் வேண்டுமா?"

இன்று காலை சுடலைமுத்துவோடு போனேன். சொன்னதைவிடக் கூட்டம் அதிகம். வரிசையில் முப்பது பேருக்குமேல். கல்லுக்கு இந்தப் பக்கம் நானும் சுடலைமுத்துவும் நின்றோம். ஆவுடையிடம் வாங்க அடுத்த ஆளாக ஞானப்பூ நின்றாள். சாராள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், ஞானப்பூ அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

ஆவுடை கறந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"வாரும் இன்ஸ்பெக்டரே. ஏன் அங்கன நிக்கீரு? கல்லைத் தாண்டி வாரும். இங்க உம்ம குச்சி செல்லாது, அதனால பயப்பட வேண்டாம்."

எத்தனை வருஷமாக என்னை ஐயா, நீங்க என்று கூப்பிட்டவள். தாண்டிப் போனேன். போகாமல் திரும்பியிருக்கலாம், ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஞானப்பூ பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் போனேனோ என்னவோ. மாடுகளுக்கு நடுவில் கொம்பையாக் கோனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், எப்போதும் இன்ஸ்பெக்டரைக் கண்டால் செய்கிற மாதிரி.

ஆவுடை செம்பைக் கவிழ்த்து எனக்குக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை. உட்கார்ந்து கறந்தாள். செம்பு நிறைய நுரையோடு எழுந்து என் எதிரில் நீட்டினாள்.

"இந்தாரும். குடியும்."

"வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம்னா எப்படி? ஆவுடை எனக்கு இனாமாப் பாலு குடுத்தான்னு நீரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீரு. நான் குடுக்கவே இல்லியே. பெரிய மனுசன் எழுதுன எழுத்து பொய்யாப் போகலாமா? நாளைக்கி கடவுளு எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லுவேன்? வாங்கிக் குடியும்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் கோபப்பட்டுக்கொண்டு திரும்பியிருப்பேன். கொம்பையாக் கோனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் பாலும் நல்ல பால்தான் என்று அந்த இடத்திலேயே உரக்கச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நான் சொல்லுவேனா மாட்டேனா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பக்கத்தில் சுடலைமுத்து நின்றான். டாக்டர் ஞாபகம் வந்தது. நவம்பருக்குத் தள்ளிப்போன நிரந்தரம் ஞாபகம் வந்தது.

நான் செம்பை வாங்கிக் குடித்தேன். முழுக்கக் குடித்தேன்.

ஆவுடை செம்பைத் திரும்ப வாங்கி, இரண்டு தடவை கழுவி, ஞானப்பூவுக்குக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கறக்க உட்கார்ந்தாள்.